கடைசிக் கோட்டுக்கு அப்பால் ஒரு தோணி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அமரர் ஜூலியன் ஆசிரியரின் துணைவியார் மேர்லின் அவர்களே, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மேற்கே படுவான்கரையிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே! வாவி மீனவர் சங்கத் தலைவர் வல்லிபுரமாகிய நான் இங்கே அழ வேண்டியவன். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைக்கவே வந்திருக்கிறேன்.

ஜூலியன் யார்? உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவர், ஊரறியும். எங்கள் வெள்ள நிவாரணக் குழுவின் செயலாளர்; அதுவும் தெரியும். என்னை எதிலிருந்து காப்பாற்றினார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது!

மூன்று வருடத்துக்கு முந்திய மார்கழி வெள்ளத்தை மறப்போமா? சங்கத்திடம் இருந்தவை பத்துத் தோணிகள். பத்தும் ஒரே அச்சில் வார்த்தவை, எது போனாலும் ஒன்றுதான். படுவான்கரையில் நான்கு ஊர்கள் கேட்டு நின்றன. பங்கிடும் பொறுப்பு என்னுடையது. தாளில் எழுதினேன்: நான்கு, மூன்று, மூன்று, பூச்சியம்.

பூச்சியம் யாருக்கு? கண்டல்முனைக்கு! "அங்க ஆக்கள் எல்லாம் வெளிக்கிட்டுட்டாங்களாம்" என்றேன். அது வெறும் சாட்டு. அவ்வூராரோடு எனக்கு வலைத் தகராறு; அந்தக் கோபத்தில் எழுதினேன்.

ஜூலியன் கத்தவில்லை. கலண்டர் தாளின் பின்புறத்தில் பத்து வட்டங்களை வரிசையாகப் போட்டு, இடையில் மூன்று கோடு கீறினார்.

"தலைவர், வட்டம் தோணி. மூணு கோடு போட்டா நாலு பங்கு. கோட்டை நகர்த்த நகர்த்த பங்கு மாறும். மொத்தம் இருநூத்தி எண்பத்தாறு விதம் இருக்கு. அதில இருநூத்தி ரெண்டில ஏதோவொரு ஊருக்கு ஒண்டுமில்ல. உங்கட தாளில கடைசிக் கோட்டுக்கு அங்கால வட்டமே இல்ல. ஆக்கள் இருந்தா?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க சேர்?"

"முதல்ல ஊருக்கு ஒண்டு வைங்க. மிச்சம் ஆறு. அதைப் பங்கிட எண்பத்திநாலு விதம் இருக்கு. மறுகா அதுக்குள்ள நிண்டு எவ்வளவும் கோவிங்க."

எனக்கு எரிச்சல். வெள்ளம் வாசலில் நிற்க வாத்தியாருக்குக் கணக்கா? ஆனாலும் நாளைக்கு நாலு பேர் கேட்பார்களே என்று ஒரு தோணியை அனுப்பினேன். அந்த ஒன்று கண்டல்முனைக்கு ஐந்து தரம் போய்வந்தது. பாடசாலைக் கூரையில் ஏறியிருந்த முப்பத்தொரு பேரும் உயிரோடு கரைசேர்ந்தார்கள்!

பிறகு நடந்ததுதான் எனக்குத் தண்டனை. கண்டல்முனை மக்களே, கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்! "எங்களை மறக்காத தலைவர்" என்றார் உங்கள் உதயரூபன் தம்பி. ஜூலியன் கடைசிக் கதிரையில் இருந்து எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். திரும்பும் வழியில் கேட்டேன்: "ஏன் சேர் உண்மையைச் சொல்லல்ல?"

"விடை சரி தலைவர். செய்த வழிதான் கொஞ்சம் பிழை. பரவாயில்ல, புள்ளி தாறன்" என்று சிரித்தார். சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை, மேர்லின் அம்மாவிடம் கூட.

உதயரூபன் தம்பி, இன்று நானே சொல்கிறேன். பூச்சியத்தை எழுதியவன் நான். அதை அழித்தவர் ஜூலியன். இதோ, அந்தப் பொன்னாடையை அவர் படத்துக்குப் போர்த்துகிறேன். அப்பாடா! மூன்று வருடத்துக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

அவர் பணி தொடரும். இனி எந்த வெள்ளத்திலும் முதலில் ஊருக்கு ஒன்று; மிச்சத்துக்குத்தான் கூட்டம். இது சங்கத்தின் தீர்மானம். கண்டல்முனையாரே, வலைத் தகராறு இன்னும் தீரவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் வரும், கட்டாயம் வரும். கோபம் வந்தாலும் தோணி வரும்!