வரியில்லாக் கணக்கு

— அமுக்கிடாதேக்கா! அத்தான் போன்ல செவப்புப் புள்ளி வச்சு பேங்க்காரன் என்ன அனுப்பியிருக்கான்னு படிக்காமலே 'ஆமா'ன்னு அமுக்கிடுவியா?

— இதுல படிக்க என்னடா இருக்கு? வருஷா வருஷம் இதே மாசம் கேப்பான். 'இன்னும் இந்த நாட்டுலதான் குடியிருக்கீங்களா'ன்னு. உங்க அத்தான் பல்லைத் தேய்ச்சுக்கிட்டே 'ஆமா'ன்னு அமுக்குவாரு. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

— அவரு அமுக்கினாரு, சரி. செத்து இருபத்தாறு நாள் ஆன மனுஷன் 'இங்கதான் இருக்கேன்'னு சொன்னா அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா?

— தெரியும். கத்தாதே, சுவரு மெல்லிசு.

— இன்னுமா நீ பேங்க்குக்குச் சொல்லல?

— எப்படிச் சொல்ல? சொன்ன அன்னைக்கே கணக்கைப் பூட்டிருவான். வாரிசுப் பத்திரம் ஊர்லேருந்து வரணும், அதை இவங்க பாஷைக்கு மாத்தணும், முத்திரை வாங்கணும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. திங்கக்கிழமை வாடகை அதுலேருந்துதான் போகும். கரண்டும் அதுலேருந்துதான். என் சம்பளமும் அதுலதான் விழுது, கேட்டியா?

— உன் சம்பளமா? நீ ஓட்டல்ல துணி தேய்க்கிற காசு, அத்தான் கணக்குக்கா போகுது?

— வந்த புதுசுல எனக்கும் கணக்கு தொறக்கப் போனோம். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டான். வீட்டு ஒப்பந்தம், கரண்டு பில்லு, எல்லாமே அவரு பேருல. 'விடு, ரெண்டு பேருக்கும் ஒரே பை'ன்னாரு. பதினோரு வருஷம் படுக்கைவிரிப்பா தேச்சுத் தேச்சு அந்த ஒரே பையில போட்டேன்.

— பொறு. யாரையாவது திட்டணும்போல இருக்கு, யாரைத் திட்டறதுன்னுதான் தெரியல. போனைக் குடு. மூணு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பணும். ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்டு நின்னுபோயி எனக்காகக் காத்துக் கெடக்கு.

— படி. ஆனா எதையும் தொட்டுத் தொலைச்சிடாதே.

— தொடாம எப்படிக்கா பாக்கறது, ஊதியா? ...முதல்ல செலவுக் கணக்கு வருது. வாடகை, பஸ் அட்டை, மளிகை... இதென்ன, ஸ்கேன் சென்டர்? மூணு தடவை.

— கம்பெனியில வருஷத்துக்கு ஒருக்கா எல்லாருக்கும் உடம்பு பாப்பாங்க. அதா இருக்கும்.

— கம்பெனி பாத்தா கம்பெனில்ல காசு கட்டும்? மூணும் செவ்வாக்கிழமை.

— செவ்வாக்கிழமை அவருக்கு ஓவர்டைம்டா, ராத்திரி ஒன்பதாகும் வர. வேற யாருக்காவது கட்டிக் குடுத்திருப்பாரு. அதை விடு. வரியில்லாக் கணக்கைப் பாரு, அதுலதான் எல்லாம் இருக்கு.

— எவ்வளவு இருக்கும்?

— யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு ஒரு அளவாம். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அந்த அளவு முட்டற வரைக்கும் போடுவாரு. அதுல பங்கு வாங்குவாரு. வர்ற லாபத்துக்கு ஒத்தைக் காசு வரி கிடையாது. நமக்கு இல்லாத பிள்ளையை வளக்கற மாதிரி வளத்தாரு அதை.

— டீக்குக்கூட ரசீது கேப்பாரு. அவரு கூட்டாளிங்க 'ரசீது'ன்னுதானே கூப்பிடுவாங்க?

— சிரிக்காதே.

— சிரிக்கலக்கா. மேல சொல்லு.

— ஆனா அந்தச் சலுகை இங்க குடியிருக்கறவனுக்குத்தான். 'போதும், ஊருக்குப் போயிருவோம்'னு நான் எப்ப வாயைத் தொறந்தாலும், 'போனா இதை மூடணும், இன்னும் ரெண்டு வருஷம் பொறு'ம்பாரு. அந்த ரெண்டு வருஷம் முடியவே இல்ல. கடைசியில பஸ் ஸ்டாப்புல விழுந்தாரு. 'திடீர்னு வந்தது, யாருக்குமே தெரிஞ்சிருக்காது'ன்னுட்டாரு டாக்டரு.

— அக்கா.

— என்ன?

— இங்க ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னா?

— சைபர். ஏழு வாரத்துக்கு முன்னாடியே மூடியிருக்காரு.

— உளறாதே. அப்ப இந்தச் செவப்புப் புள்ளி எதுக்கு? கேள்வி கேக்கத்தானே?

— இது கேள்வி இல்ல. 'தாங்கள் கேட்டபடி கணக்கு முழுமையாக மூடப்பட்டது. தங்கள் பயணம் இனிதாக அமையட்டும்'னு எழுதியிருக்கான்.

— என்ன பயணம்?

— அவரு குடுத்த ஃபாரமும் கூடவே இருக்கு. காரணம்னு ஒரு கட்டம்...

— படி.

— 'நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறேன்.'

— என்னைப் பொறு பொறுன்னுட்டு, தான் மட்டும் மூட்டை கட்டியிருக்காரு. அதான் கடைசியில அப்படி எரிஞ்சு விழுந்தாரு. முகத்தைப் பாத்துப் பேசல. சோத்தைப் பாத்துத்தான் பேசினாரு. பணத்தை எங்க அனுப்பினாரு? அவங்க அண்ணனுக்கா?

— பொறு, பொறு. இதே பேங்க்குல வேற ஒரு கணக்குக்குப் போயிருக்கு. பேரு... அக்கா, உன் பேரு.

— எனக்கு ஏதுடா கணக்கு?

— இருக்கே. நீ நேர்ல போகாம தொறந்திருக்க முடியாது. போட்டோ எடுப்பான், கையெழுத்து வாங்குவான்.

— ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் மழையில என்னைக் கூட்டிட்டுப் போனாரு. வீட்டு ஒப்பந்தத்துக்கு என் கையெழுத்தும் வேணும்னாரு. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பொண்ணு, என்னைப் போட்டோ பிடிச்சா. வாடகை வீட்டுக்கு போட்டோ எதுக்குன்னு கேட்டேன். 'இந்த ஊர்ல அப்படித்தான்'னாரு.

— அப்ப கார்டு தபால்ல வந்திருக்கணும். உன் பேருக்கு உறை ஏதாவது வந்துச்சா?

— என் பேருக்கு யாருடா கடுதாசி போடப்போறா? ...ஐயோ.

— என்ன?

— ஒண்ணு வந்துச்சு. தடிமனா இருந்துச்சு, விளம்பரம்னு நினைச்சேன். இந்த மேசை ஆடிக்கிட்டே இருந்துச்சா, பிரிக்காமலே காலுக்கு அடியில வச்சேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. கொஞ்ச நேரம் குனிஞ்ச மேனிக்கே இருந்தாரு. அப்புறம், 'அது அங்கயே இருக்கட்டும், தூக்கிப் போட்டுராதே'ன்னாரு.

— டம்ளரைப் பிடி. மேசையைத் தூக்கறேன்... இந்தா. உன் பேரு அச்சடிச்ச கார்டு. முனை மடங்கலை. இனிமே சம்பளத்தை இதுக்கு மாத்து. வாடகையும் இதுலேருந்து போகட்டும். பேங்க்குக்குப் பயமில்லாம சொல்லலாம்.

— எனக்கு எதுவும் வேணாம். எங்க போகப் பாத்தாரு, அதைச் சொல்லு. ஃபாரத்துல வேற என்ன கேட்டிருக்கான்?

— விடேன்க்கா.

— ரசீதுதான் எதையும் விட்டிருக்க மாட்டாரே. படி.

— 'புறப்படும் தேதி?' 'இன்னும் தெரியாது.'

— ம்.

— 'திரும்பி வருவீர்களா?' 'இல்லை.' 'உடன் வருபவர்கள்?' 'யாருமில்லை.'

— பாத்தியா? யாருமில்லையாம். பதினோரு வருஷம் ஒரே பைன்னவரு.

— பொறு. செலவுக் கணக்கை இன்னொரு தடவை பாக்கறேன்.

— அதுல என்னடா இருக்கு? காசைக் கையில திணிச்சுட்டு, என்னை விட்டுட்டுப் போகத்தான் பாத்திருக்காரு.

— ஓவர்டைம் இல்லக்கா, ஸ்கேன் அவருக்குத்தான். மூணாவது ஸ்கேனுக்குக் காசு கட்டினது செவ்வாக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்துக்கு. இந்த ஃபாரத்தை அனுப்பினதும் அதே செவ்வாக்கிழமைதான்க்கா. ஏழு மணிக்கு.