மெழுகுப் பெட்டி

“அலோ... ஆமா, விழுப்புரம் ஸ்டேஷன்தான். பார்சல் கிளார்க் சவுரிராயன் பேசறேன். யாரு, தேவசகாயமா? ... இருக்கேன், இருக்கேன். மூணு நிமிசத்துல டிரங்கு காலைக் கட் பண்ணிடுவாங்க, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. அந்தப் பெட்டியில என்னாடா அனுப்பியிருக்கே?”

சவுரிராயனுக்குத் தம்பிமேல் பாசம் உண்டு; நம்பிக்கைதான் கிடையாது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னைப் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த சித்திரை மாதம் அது. அங்கே காலேஜில் ஆராய்ச்சி பண்ணும் தம்பி, பத்திரமாக வைக்கச் சொல்லி ஒரு பெட்டியை அண்ணன் பேருக்கு ரயிலேற்றியிருந்தான்.

“மெழுகுன்னு எழுதியிருக்கே. ஆமா, ஆமா... தூக்கினா இடுப்பு ஒடியுதே? ... ஈயமும் இருக்குதா? அதை ஏன் எழுதல? மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு? ... நியூட்ரானா? அது யாரு, உன் கூட்டாளியா? ... சரி, சரி. ஈயத்து அணுவுக்கு நடுவுல ஒரு பொட்டு. அதுக்குள்ள அந்த நியூட்ரானுங்க பரவிக் கெடக்குதா, ஓரமா ஒதுங்கிக்கினு இருக்குதான்னு அளக்கறே. கண்ணுக்கே தெரியாததை எப்பிடிடா அளப்பே? ... வெளியேருந்து நியூட்ரானையே எறிஞ்சு, எத்தினி செதறுதுன்னு எண்ணுவியா. நல்லா காது குத்தறே. ஊரே குண்டுன்னு ஓடுது, நீ எறியறதைப் பத்திப் பேசறே.”

“பேஜாருடா எனக்கு. போலீசு இன்ஸ்பெக்டர் குண்டு தேடி ரெண்டு தபா வந்து பார்சல் ஆபீசைக் கொடைஞ்சிட்டாரு. நம்ம தெருவுல ரயில்வே கோட்டு போட்டவன் நான் ஒருத்தன்தான். உங்க அண்ணிக்கு ஏழு மாசம். என்னை உள்ள தள்ளிட்டா அவளை யாரு பாக்கறது? ... தொறந்தேனா? நான் எதுக்குத் தொறக்கறேன். இல்லேன்னா இல்ல.”

பொய். பெட்டி வந்த அன்றைக்கே மெழுகைக் கத்தியால் குடைந்து, நடுவிலிருந்த விரல் நீளப் பித்தளைக் குழாயை எடுத்துவிட்டான். தம்பி அனுப்பியது குண்டுதான், அதன் உயிரே அந்தக் குழாயில்தான் இருக்கிறது என்பது அவன் முடிவு.

“ஏன் அதையே கேக்கறே? ... குழாயா? எந்தக் குழாய்? ... ரேடியமா. அதுலேருந்துதான் எறியறியா. ... மெழுகும் ஈயமும் அதைத் தடுக்கத்தானா. வெளியே எடுத்தா? ... புண்ணு வருமா. ஒடம்போட ஒட்டி வெச்சா? ... ஜல்தி சொல்லுடா. ... வயித்துல இருக்கற புள்ளைக்குமா?”

அவன் குரல் இறங்கிவிட்டது.

“தேவசகாயம்... நான்தாண்டா எடுத்தேன். ... எங்கயா? புள்ளைத்தாச்சியைப் போலீசு தொட மாட்டாங்கன்னு உங்க அண்ணி லூர்துமேரி கையில குடுத்தேன். மடியில சொருகிக்கினு இருக்கா. ... படுக்கறப்பவும்தான். ... இன்னியோட பத்து நாளு. ... அலோ? தேவசகாயம், புள்ளைக்கு என்னாடா ஆவும்? அலோ... அலோ...”

மூன்று நிமிடம் முடிந்திருந்தது.