பழைய இடத்துல ஒரு பலகை

இல்லீங்க மேடம், நான் எதுவும் விக்க வரல. சங்கிலியை எடுக்கவே வேணாம், அப்படியே இருக்கட்டும், இந்த இடுக்கு வழியாவே சொல்லிட்டுப் போயிடுறேன். கம்ப்யூட்டர்ல லைப்ரரி எல்லாத்தையும் ஒரே மாதிரி டைரக்டரியில வைக்கணும்னு மூணு வருஷமா உங்களோட மல்லுக்கட்டினாரே ஒருத்தர், அவரோட சம்சாரம் நான். பாத்தீங்களா, சொன்னதும் முகம் மாறிடுச்சு. மாறத்தான் செய்யும். சாத்திடாதீங்க மேடம். சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ இப்படிக் கெஞ்சிக்கிட்டா வருவா?

உங்க ஆபீஸுக்குத்தான் மொதல்ல போனேன். லீவுல இருக்கீங்கன்னாங்க. வீட்டு விலாசம் தர மாட்டேன்னுட்டாங்க, அது சரிதான். வெளிய வந்து கார்ல உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, அடுத்த தெருவுல பச்சைக் கேட்டு போட்ட மாடி வீடும்மா, போங்கன்னாரு. அவரைத் திட்டிடாதீங்க.

உள்ள வரலாமா? ரொம்ப தேங்க்ஸ் மேடம். இங்கயே உட்கார்ந்துக்கிறேன். போன் மட்டும் இப்படி மேசை மேல இருக்கட்டும், வீட்லேருந்து கூப்பிட்டா உடனே எடுக்கணும்.

சிரிக்காதீங்க, நான் நீங்க ஒரு ஆம்பளைன்னே நினைச்சிட்டிருந்தேன். பெரிய மீசை வச்ச ஆளுன்னு. எங்க வீட்ல உங்க பேரு முட்டுக்கட்டை. மன்னிச்சுக்கோங்க. முட்டுக்கட்டை இன்னிக்கு மறுபடியும் எழுதியிருக்கு, முட்டுக்கட்டை இன்னும் தூங்கல போலன்னு அவரு சொல்வாரு. முட்டுக்கட்டையில ஆம்பளை ஏது, பொம்பளை ஏது? நீங்க கதவைத் திறந்தப்போ உங்கம்மாவோ, இல்ல சம்சாரமோன்னு நினைச்சேன். மேடம் வேணாமா? சரி. அக்கான்னு கூப்பிடுறேன்.

எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாதுக்கா. டிரைவிங் ஸ்கூல்ல கார் கத்துக்கொடுக்கிறேன். அவரு ஒரு கப்பல் கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்துக்கிறாரு, அதுதான் சோறு போடுது. நீங்க எல்லாரும் குழுவா சேர்ந்து எழுதுறீங்களே, அந்தக் கம்ப்யூட்டர் மொழி வேலை சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம். ஒரு பைசா வருமானம் கிடையாது. உங்களுக்குப் போய் இதைச் சொல்றேன் பாருங்க, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். ஆனா சொன்னாதான் நான் எதுக்கு வந்தேன்னு புரியும். தப்பா சொன்னா திருத்துங்க.

ஒருத்தர் எழுதி வச்ச புரோகிராம் துண்டை இன்னொருத்தர் எடுத்து உபயோகிக்கலாம், அதுதான் லைப்ரரி. சரியா? ஆனா கம்ப்யூட்டரை ஓட்டுற இந்த லினக்ஸ்ல பல ரகமாம், ஒவ்வொருத்தரும் அதை ஒவ்வொரு டைரக்டரியில, அதான் அலமாரியில, கொண்டுபோய் வச்சாங்க. ஒரு லினக்ஸ்ல ஒரு இடம், இன்னொண்ணுல வேற இடம். ஆளாளுக்கு நாட்டாமை. அவரோட ஆபீஸ்ல ஒரு தடவை, புதுசா வந்த பொண்ணு ஒண்ணு தன் வேலைக்காக ஏதோ லைப்ரரியை இறக்கியிருக்கு. அது கம்ப்யூட்டர் தனக்குன்னு வச்சிருந்த லைப்ரரி மேலயே போய் உட்கார்ந்திருச்சு. மெஷின் எழுந்திருக்கவே இல்ல. எல்லாரும் அந்தப் பொண்ணைப் போட்டுக் கிழிச்சாங்களாம். இவருக்கு மனசு கேக்கல. அது மேல என்ன தப்பு, வீட்டுக்காரன் பொருளையும் விருந்தாளி பொருளையும் ஒரே அலமாரியில வச்சா இப்படித்தான் ஆகும்னாரு. மெஷினோடது ஒரு டைரக்டரி, ஆளுங்க கையால போடுறது இன்னொரு டைரக்டரி, எந்த லினக்ஸா இருந்தாலும் அதே இடம். அன்னிக்குப் பிடிச்ச பிடிதான் அது. நல்ல எண்ணம்தானேக்கா? நீங்களும் நல்ல எண்ணம்னுதானே எழுதியிருந்தீங்க?

ஆமா, படிச்சேன். போன வாரம்தான். அவரு தூங்காம உட்கார்ந்திருந்தப்போ, பக்கத்துல நானும் உட்கார்ந்து நீங்க எல்லாரும் போட்ட சண்டையை ஆரம்பத்துலேருந்து படிச்சேன். பாதி புரியல. ஆனா நீங்க எழுதினது புரிஞ்சுதுக்கா. கடைத்தெருவை மாத்துங்க, ஆனா பழைய தெருவுல, கடை இங்க போயிருக்குன்னு கொஞ்ச காலத்துக்காவது ஒரு பலகை வைங்கன்னு எழுதியிருந்தீங்க. பழைய விலாசத்தை மனசுல எழுதி வச்சிருக்கிற புரோகிராம் உலகத்துல எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதெல்லாம் இருட்டுல போய் முட்டிக்கும்னு. அந்தப் பலகைக்கான புரோகிராமையும் நீங்களே எழுதி அனுப்பினீங்க. அவரு வேணாம்னுட்டாரு. பலகை வச்சா ஒருத்தரும் வீடு மாற மாட்டாங்க, காலத்துக்கும் பழைய தெருவுலயே சுத்துவாங்கன்னாரு. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, மேசையைத் தட்டி உங்களோட கத்தினாரு பாருங்க, நான் பக்கத்து ரூம்ல துணி மடிச்சிட்டிருந்தேன். உங்க குரல் எனக்குக் கேக்கல, அவரு குரல் மட்டும்தான். யாரோ பாவம்னு அன்னிக்கே நினைச்சேன்.

ஓட்டெடுப்புல அவரு ஜெயிச்சாரு. நீங்க குழுவை விட்டே போயிட்டீங்க.

லைப்ரரியைப் புது இடத்துல மட்டும் தேடுற புது வெர்ஷன் வெளிய போன அன்னிக்கு மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாரு. என்னையும் நாத்தனாரையும் வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம், நாங்களே அன்னிக்குச் சிரிச்சுப் பேசினோம்னா பாத்துக்கோங்க. மொத ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. எங்க டிக்கெட் மெஷின் நின்னுடுச்சு, எங்க காலேஜ்ல மார்க் வரல, லைப்ரரியைக் காணோம், காணோம், காணோம். அதுக்கெல்லாம் அசரல அவரு. பதில் எழுதினாரு, வழி சொன்னாரு. திட்டினாங்க, அதையும் தாங்கினாரு. ஒருத்தன் நீ செத்துப்போன்னு எழுதினான். அதுக்குக்கூட, பாவம் தூக்கம் கெட்டிருப்பான்னாரு.

இருங்க, போன்... நாத்தனார்தான். ஹலோ. சொல்லு. ம். குடிச்சாரா? எவ்ளோ? சரி, அரை டம்ளராவது போச்சே. கதவு திறந்துதானே இருக்கு? திறந்தே இருக்கட்டும். நீ நாற்காலியை விட்டு எழுந்திரிக்காதே. பாத்ரூம் போகணும்னா எதிர் வீட்டு அக்காவை உட்கார வச்சிட்டுப் போ. பாத்துட்டேன், அவங்க வீட்லதான் இருக்கேன். வைக்கிறேன்.

தண்ணி குடிச்சாராம்.

எங்க விட்டேன்? ஆங், அந்த ஆஸ்பத்திரி. எந்த ஊருன்னே தெரியலக்கா, ஏதோ தூர தேசம். அங்க கம்ப்யூட்டர் பாத்துக்கிற ஒருத்தரு எழுதினாரு. அவரு திட்டவே இல்ல. எங்க குழந்தைங்க வார்டுல, எந்தக் குழந்தைக்கு எப்போ என்ன மருந்துன்னு காட்டுற திரை காலையிலேருந்து வெறுமையா இருக்கு, நர்சுங்க ஞாபகத்துல கொடுத்துட்டிருக்காங்க, ஒரு குழந்தைக்கு ஒரே மருந்து ரெண்டு தடவை போயிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு, சீக்கிரம் வழி சொல்லுங்கன்னு. அவ்ளோதான். இவரு உடனே வழி எழுதி அனுப்பினாரு. குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டாரு. பதில் இல்ல. திரும்பக் கேட்டாரு. பதில் இல்ல. அந்த ஆளுகிட்டேருந்து அதுக்கப்புறம் ஒரு எழுத்து வரலக்கா.

அன்னிலேருந்து படுத்த படுக்கைன்னு சொல்ல முடியாது, படுக்கவே இல்லையே. உட்கார்ந்தவரு உட்கார்ந்தபடிதான். கண்ணு திறந்திருக்கும், திரையைப் பாக்க மாட்டாரு. டைப் அடிக்க மாட்டாரு. ஆபீஸுக்கு நான்தான் போன் பண்ணி லீவு சொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், மாத்திரை கொடுத்தாரு, தனியா விடாதீங்கன்னாரு, நாளன்னிக்கு மறுபடியும் வரச் சொன்னாரு. நேத்து அவரே எழுந்து பல் விளக்கிட்டு வந்தாரு. எனக்கு உயிரே வந்துச்சு. என்னை உட்கார வச்சு, கரண்ட் பில் எப்படிக் கட்டுறது, இன்ஷூரன்ஸ் பேப்பரு எங்க இருக்குன்னு பொறுமையா, ஒண்ணொண்ணா சொல்லிக்கொடுத்தாரு. உங்க மொழிக்கான சாவி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் குழுவுல இருக்கிற இன்னொருத்தருக்கு மாத்திட்டேன், இனிமே யாருக்கும் தொந்தரவு இல்லன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்க்கா. கத்துக்கிறவங்க தடுமாறினா நான் அமுக்கிடுவேன். நேத்து அவரு பேசப் பேச என் காலு தரையில அதைத் தேடிக்கிட்டே இருந்துச்சு.

நீங்க என்ன பண்ணணும்னா, அதுக்குத்தான் வர்றேன். கூட வந்து...

என்னது?

மறுபடியும் சொல்லுங்க. யாரு? அந்த ஆஸ்பத்திரிக்காரரா? உங்களுக்கு எழுதினாரா? உங்களுக்கு எதுக்கு? ஓ. உங்க பலகை. அதை நீங்க எங்கயோ எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி போட்டு வச்சிருந்தீங்களா? அதைத் தேடிக் கண்டுபிடிச்சு மாட்டினாரா? நீங்களே அவரோட உட்கார்ந்து... அந்தத் திரை சரியாயிடுச்சா?

அந்தக் குழந்தை?

குழந்தைக்கு என்ன ஆச்சு?

வீட்டுக்குப் போயிடுச்சா. நல்லா இருக்கா. நிஜமா? ரெண்டாவது தடவை மருந்து போகவே இல்லையா? நர்ஸு குழப்பிக்கிட்டாங்களா? ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே வச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்களா? அக்கா... இருங்க. ஒரு நிமிஷம். இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம். அந்த மனுஷன் இவருக்கு ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? ஒரு வரி! அவரைச் சொல்லி என்ன. வேலை முடிஞ்சுது, தப்பிச்சோம்டான்னு போய்ப் படுத்திருப்பாரு. இங்க ஒருத்தன் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்?

போன்லயா? போன்ல சொல்ல முடியாதுக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாரு. ஏன்னா இதையே ஒரு தடவை சொல்லிட்டேன். முந்தாநாள், தாங்க முடியாம, குழந்தை நல்லாருக்காம், யாரோ குழுவுல எழுதியிருக்காங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எங்க, காட்டுன்னாரு. காட்ட என்ன இருக்கு? அன்னிலேருந்து நான் என்ன சொன்னாலும் என் முகத்தைப் பாவமா பாக்குறாரு. நாத்தனார் சொன்னாலும் நான் சொல்லிக்கொடுத்ததுன்னுதான் நினைப்பாரு. குழுவுல இருக்கிறவங்க எல்லாம் மொதல்லேருந்தே, உங்க மேல தப்பில்ல, தப்பில்லன்னு எழுதுறாங்க. அதைப் படிக்கிறதே இல்ல.

நீங்க சொன்னா நம்புவாருக்கா. நீங்க ஒருத்தர் சொன்னாதான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நீங்க அவருகிட்ட இனிப்பா பேசினதில்ல. தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க மட்டும்தான். உலகத்துல எல்லாரும் அவரைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லலாம், முட்டுக்கட்டை சொல்லாது. அதுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன், குழந்தை சேதி உங்ககிட்ட இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்து நாலு திட்டு திட்டுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நான் சொன்னதைக் கேக்கல இல்ல, இப்ப உட்கார்ந்து சரி பண்ணுன்னு ஒரு அதட்டல் போட்டா எழுந்திருப்பாருன்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

நாளைக்குக் காலையிலயா? ம். சரிக்கா. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும், திடுதிப்புன்னு வந்து நின்னா எப்படி. காலையில நானே வண்டியோட வந்துடுறேன். பத்து மணி? சரி. இன்னிக்கு ஒரு ராத்திரிதானே, நாத்தனாரும் நானும் மாத்தி மாத்தி உட்கார்ந்துக்குவோம்.

இந்தப் பை சத்தம் போடுதா? இல்லக்கா, உடையற சாமான் எதுவும் இல்ல. வண்டியில விட்டுட்டு வர மனசு வரல, அதான் தோள்லயே மாட்டிட்டு வந்தேன். கத்திதான். சமையல் ரூம்ல இருந்த கத்தி, கத்தரிக்கோல், அவரோட சவர பிளேடு. அப்புறம் வீட்ல இருந்த மாத்திரை மொத்தமும், டாக்டர் கொடுத்தது, என் தைராய்டு மாத்திரை, தலைவலி மாத்திரை. துணி காயப்போடுற கயிறு. பாத்ரூம் தாழ்ப்பாளைக் காலையில நானே ஸ்க்ரூ கழட்டி எடுத்துட்டேன். ஒருத்தி ஒரு கதவுக்கு முன்னாடி உட்கார்ந்துக்கலாம், வீடு முழுக்கவா உட்கார முடியும்?

ஏன் எழுந்துட்டீங்க? இப்பவேவா? விளக்கை அணைக்கலையேக்கா, அடுப்பு பாத்தீங்களா? சரி, சரி, வாங்க. வண்டி கீழதான் நிக்குது.

வேணாம்க்கா, பையை விடுங்க, நானே தூக்கிக்கிறேன். அவசரத்துல ஒரு கத்திக்குத் துணி சுத்தாம போட்டுட்டேன்.