திருப்பத்தூரில் இல்லாத ஈச்சங்குருத்து

“எங்க சாமி கழுத மேல வர்றாரு. கையில புடிக்க ஊர்ல ஒரு ஓல இல்ல.”

திருப்பத்தூரிலிருந்து மலையேறிய பஸ்ஸில் முன்சீட்டு உபதேசியார் சொன்னார். மறுநாள், ஏசு கழுதைமேல் வந்ததை ஓலை பிடித்துக் கொண்டாடும் குருத்தோலை ஞாயிறு. பக்கத்தில், புளி விற்றுத் திரும்பும் மலைக்காரர்.

“ஓடையோரம் பூரா ஈச்சந்தானே?”

“பிளாட் போட்டுப் புடுங்கிட்டாங்க. இப்ப வேலிக்காத்தான் முள்ளுதான் மொளைக்குது.”

“அத்தப் புடிச்சிக்கினு நில்லுங்களேன்.”

உபதேசியார் சிரிக்கவில்லை. “புள்ளைங்க வெறுங்கையோட நிக்குமேங்க.”

வளைவில் புங்கம்பூ ஜன்னல் வழியே எல்லார் மடியிலும் உதிர்ந்தது. மலைக்காரர் பூவைத் தட்டிவிட்டார்.

“எங்க ஓடையில அறுத்துக்கங்க. நடுக்குருத்த விட்டுடுங்க, மரம் பட்டுப்பூடும்.”

“அடுத்த வருசமும் நாங்க வரணுமேங்க.”

“நீங்க இன்னாத்துக்கு? உங்க சாமியயே வரச் சொல்லுங்க. பஸ் போவாத எங்க ஊருக்கு உப்பே கழுத மேலதான் வருது.”