கிறாம்பெல் கொம்பனியின்ர சரித்திரம்

அந்தப் புத்தகத்தை மூடி வையும், பிள்ளை. ஜேர்மனியில இருந்து இதைக் காவிக்கொண்டு, பேந்து மெத்ரோவும் ஏறி, பார்க் எக்ஸ்டென்ஷனில என்ர வீடு வரைக்கும் வந்தீராக்கும். ஒருத்தன் தன்ர கொம்பனிச் சரித்திரத்தைத் தானே எழுதினால் எப்பிடி இருக்கும்? மினுமினுப்பாத்தான் இருக்கும்.

ஓம், கிறாம்பெலில நாலு வருசம் வேலை செய்தனான். பேந்து இஞ்ச வந்து டோர்வல் எயாப்போட்டில பெட்டி தூக்கினனான். பெட்டி தூக்கினது எவ்வளவோ மேல்.

கொம்பனியைத் துவங்கின கிழவன் முதல் செய்தது பிள்ளைவண்டிலுக்குச் சில்லு. உலகச் சண்டை முடிய, சைக்கிளில ஒரு குட்டி எஞ்சினைக் கட்டி மொபெட் எண்டு வித்தான். நடந்து களைச்ச சனம், வாங்கிச்சுது. அதுதான் அவையின்ர பெரிய கெட்டித்தனம். பேந்து மகன்காரன். யப்பான்காரன்ர வண்டி ரெண்டு மழைக்குக் கறள் கட்டிப்போம் எண்டு சிரிச்சவனாம். கடைசியில கறள் கட்டினது இவன்ர பக்டரி கேற். எண்பத்தொன்பதில பூட்டிப்போட்டாங்கள். இப்ப நாலு பென்சன்காரர் ஞாயிற்றுக்கிழமையில பழைய மொபெட்டுகளைத் துடைச்சுத் துடைச்சு அடுக்கி வைச்சிருக்கினம். மியூசியமாம்.

உம்மட அப்பான்ர பேர் இதில இல்லைத்தான். வலன்ரைன் எண்டொரு தொழிலாளி எங்கட மொபெட்டில போய்ச் செத்தவன் எண்டு எழுதுவாங்களே?

வெறியில ஓடினவரோ? அம்மாவும் அதை நம்பிப்போட்டாவோ? அது அகதிக் கேம்பில இருந்த எங்கட சனம் கட்டின கதை. அண்டைக்கு அவர் ஒரு துளியும் தொடேல்லை. அடுத்தநாள் உமக்கு ஞானஸ்நானம். கேக் எடுக்கப் போனவர். இறக்கத்தில பிரேக் பிடிக்கேல்லை.

கொம்பனியில பிழையோ? எனக்கும் அப்பிடிச் சொல்லத்தான் விருப்பம். முப்பத்தேழு வருசமா அதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறன். ஆனா அங்க ஒவ்வொரு வண்டியையும் ஓடிப் பாத்து, பிரேக் பாத்து, சீல் அடிச்சுத்தான் வெளிய விடுறது. வரிசைப்படி பாத்தால் அவர் வாங்கின வண்டி திங்கக்கிழமைதான் கிடைச்சிருக்கும். எங்கட ஆள்தானே, வீட்டில பிள்ளையின்ர விசேசம் எண்டு, வெள்ளிக்கிழமையே ஓடிப் பாக்காமல் சீல் அடிச்சுக் குடுத்தாச்சு.

அப்பிடிக் குடுத்தது ஜேர்மன்காரனோ? அவன் எங்கட ஆளுக்காக வரிசை மாத்துவானே, பிள்ளை?

நாப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பும். இந்தப் புத்தகம் என்னட்டையும் இருக்கு. செக்கிங் பகுதி ஆக்களின்ர படம். கரையில, கையில சீலோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறது நான்தான்.