பின்சக்கரத்துக்கு நான் சொன்ன எடை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. தொழில் தண்ணீர் மோட்டார், பைப், தொட்டி வியாபாரம். கடை பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் உள்ளது. அதே கட்டடத்தின் மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பைப்புக்கடைக்காரர் வீடு என்று கேட்டால்தான் யாரும் வழி சொல்வார்கள். பதினேழு வயதில் சைக்கிள் கேரியரில் வாஷர் வைத்து விற்க ஆரம்பித்தவன். இதுவரை எந்த வழக்கிலும் எந்தப் பக்கத்திலும் நின்றதில்லை. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. நானேதான் வந்தேன், நடந்து வந்தேன், ஏனென்றால் என் வண்டி உங்கள் காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் நிற்கிறது.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக எழுதப்பட்டிருக்கும் பெண் என் உடன்பிறந்த தங்கை. வயது நாற்பத்து நான்கு. கல்குவாரி சாலையின் மேல்முனையில் பதினொரு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறாள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைக் காட்டுப் பாதைக்கு ஏற்றபடி உயர்த்திக் கட்டுவதுதான் அங்கே முக்கிய வேலை. வெல்டிங் வேலையை அவள் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, பார்க்கிறார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலைமேல் தோட்டம் வைத்திருப்பவர்கள். அங்கே போகும் பாதையில் கல் துருத்திக்கொண்டிருப்பதால் என் பிக்கப் வண்டியின் வயிறு போன வருடம் முழுவதும் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக டீசல் தொட்டியின் காப்புத் தகடு பிய்ந்து வந்தபின், வண்டியை மூன்று அங்குலம் தூக்கிக் கட்டிவிடச் சொல்லி தங்கையிடம் கொண்டுபோனேன்.

அவள் முதலில் டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். முன்னால் ஐம்பத்தொரு சென்டிமீட்டர், பின்னால் ஐம்பத்து மூன்று. அதன் பிறகு, வண்டியில் எந்நேரமும் எவ்வளவு பாரம் இருக்கும் என்று கேட்டாள். பின் ஸ்பிரிங் பட்டைகளை அந்த எடைக்குத் தகுந்தபடிதான் வாங்க வேண்டும் என்றும், கூடினாலும் குறைந்தாலும் தப்பு என்றும் சொன்னாள். நான் எழுநூறு கிலோ என்றேன். இது உண்மை அல்ல. வாரத்தில் மூன்று நாள் முன்னூறு கிலோ ஏற்றுவேன், மற்ற நாள்களில் வண்டி காலியாகத்தான் ஓடும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். முப்பத்தாறு வருடமாக நான் யாரிடமும் என் தேவையை உள்ளபடி சொன்னதில்லை. பத்து வேண்டுமென்றால் பதினைந்து கேட்பேன், எதிரில் இருப்பவர் வெட்டுவார், பத்தில் வந்து நிற்கும். தங்கையும் வெட்டுவாள், நானூறில் வந்து நிற்கும், கொஞ்சம் பலமாகவே கிடைக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். அவள் வெட்டவில்லை. எழுநூறு என்று எழுதி அடிக்கோடு போட்டு என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். நான் நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வேலை நான்கு நாள் நடந்தது. நான் தினமும் கடைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, முன்னால் உயரமான சுருள் ஸ்பிரிங்கும் பின்னால் புதிய பட்டைக்கட்டும் ஏற்றி, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினாள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபடுகிறது என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு தாங்கி செய்து குழாயை இறக்கிக் கட்டினாள். மூன்றாம் நாள் எல்லா போல்ட்டும் கைத்திருகலிலேயே இருப்பதைப் பார்த்து, இன்னும் ஏன் முறுக்கவில்லை என்று நான் சத்தம் போட்டேன். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரே மாதத்தில் கிழிந்துவிடும் என்றும், தரையில் இறக்கி வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்தபின்தான் முறுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, "பைப்பு விக்கிற கை அண்ணே அது, ஸ்பேனர்ல வைக்காதே" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மறுநாள் வண்டியை இறக்கி, அளவு காட்டும் முறுக்குச் சாவியால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டாள். அதை என் கண்ணால் பார்த்தேன். எந்த போல்ட்டும் விடுபடவில்லை.

அதன் பிறகு மறுபடியும் அளந்தாள். முன்னால் ஐம்பத்தெட்டரை வந்தது. பின்னால் அறுபத்து நான்கு. வண்டி மூக்கைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எழுநூறு கிலோ ஏறினால் உட்கார்ந்துவிடும், அந்த எடையை ஏற்றி எடுத்துவா, ஏற்றியபின்தான் ஷாக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சரிபார்த்துச் சக்கரத்தின் கோணம் வைக்க முடியும், அதுவரை காலி வண்டியை ஓட்டாதே என்று சொன்னாள். அந்த இடத்திலேயே நான் எடையைச் சொல்லியிருக்க வேண்டும். கூடப்பிறந்தவளிடமே பேரம் பேசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரக்கு வந்ததும் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி அளவில் வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு கல்குவாரி சாலையில் இறங்கினேன். புது உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட ஆசையாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த இறக்கத்தில் டிப்பர் லாரிகள் ஓடி ஓடி மண் அலை அலையாக வரிவிழுந்திருக்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனபோது பின்பக்கம் துள்ள ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தினேன். பின்சக்கரங்கள் தரையில் பாதி நேரம்தான் இருந்ததால் வண்டி வால் வீசித் திரும்பி, சாலையோர மரக்கடையின் தகர வேலியை உடைத்து உள்ளே போய், அடுக்கியிருந்த மரக்கட்டைகளில் மோதி நின்றது. ஒன்பது கட்டைகள் உருண்டன. ஒன்று மரக்கடைக்காரரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. எனக்கு நாக்கைக் கடித்துக்கொண்ட காயம் மட்டும்.

மரக்கடைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, முதலில் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு சாலையில் நின்று, "பொம்பளை முடுக்குன போல்ட்டு இப்படித்தான் நிக்கும்" என்று கூடியிருந்தவர்கள் கேட்கும்படி சொன்னார். அதையே புகாராகவும் எழுதிக் கொடுத்தார். போல்ட் கழன்றதாக அவர் எழுதியது அவர் ஊகம். அன்று மாலை வண்டி இங்கே கொண்டுவரப்பட்டது. விசாரணை முடியும்வரை பட்டறையைத் திறக்கக் கூடாது என்று தங்கைக்குச் சொல்லப்பட்டு, சாவியும் இங்கே வாங்கி வைக்கப்பட்டது.

நீங்கள் கூப்பிட்டு விசாரித்தபோது, வேலையைத் தான்தான் செய்ததாக மட்டும் சொல்லிவிட்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். என் கையெழுத்துள்ள நோட்டைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. அன்று காலை மாப்பிள்ளை என் கடைக்கு வந்து ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்த நோட்டை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா, மச்சான். எழுநூறுன்னு நீங்க சொன்னது வெளிய தெரிஞ்சா உங்க கடைக்கு ஆகாதாம்" என்றார். அன்றைய பத்து வார்த்தையும் அதோடு முடிந்தது. போய்விட்டார். என் வண்டியில் எழுநூறு கிலோ ஏறுவதில்லை என்று கடைக்கு வருகிற சரக்கைப் பார்த்தவருக்கெல்லாம் தெரியும், ஆகையால் அது பொய் என்று விபத்து நடந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உடனே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்ததால் வீட்டில் இருந்த மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தையல் எந்திரம் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நான் உண்மையான எடையையும் அதைச் சொல்லாத காரணத்தையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஏண்ணே, ஒரு கால் வலிச்சா டாக்டர்கிட்ட போய் ரெண்டு காலும் வலிக்குதும்பியா, வெட்டுனது போக ஒண்ணாவது மிஞ்சட்டும்னு?" சொல்லிவிட்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் ஒரு மணி நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மின்விசிறியைப் பூட்டினாள். பிறகு நோட்டை எடுத்து வந்து பழைய கணக்கை அப்படியே விட்டு, அடுத்த பக்கத்தில் முன்னூறுக்கும் காலி வண்டிக்கும் புதிதாகக் கணக்குப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாகன ஆய்வாளர் வந்து உங்கள் முன்னிலையில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எல்லா போல்ட்டிலும் மஞ்சள் கோடு நேராக இருந்தது. ஒன்றும் தளரவில்லை. ஆய்வாளரிடம் எடை விஷயத்தை வாய்மொழியாகச் சொன்னேன். அவர் வண்டியை எடைமேடைக்கு அனுப்பி முன்பாரம், பின்பாரம் தனித்தனியாகக் குறித்துவரச் செய்தார். காரணத்தை உறுதி செய்ய அங்கேயே மாற்றி அமைத்துக் காட்டலாம் என்று அனுமதி கொடுத்ததால், தங்கை வீட்டிலிருந்த ஜாக்கியையும் ஸ்பேனர் பெட்டியையும் கொண்டுவந்து உங்கள் பின்முற்றத்திலேயே வேலை செய்தாள்.

இரண்டு பக்கப் பட்டைக்கட்டிலிருந்தும் ஒரு பட்டையை உருவினாள். வண்டியை இறக்கி நான்கு மூலையிலும் ஏறி நின்று குதித்து உட்கார வைத்தாள். பின் உயரம் அறுபத்தொன்றரைக்கு வந்தது. ஷாக்கில் எட்டுப் படி உள்ள திருகு ஆறில் இருந்தது. அதை நான்குக்குக் கொண்டுவந்தாள். அதன் பிறகு ஆய்வாளரே அதே இறக்கத்தில் வண்டியை ஓட்டினார். துள்ளல் குறைந்தது, ஆனால் இருந்தது. அவள் சாலையோரம் நின்று சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மூன்றுக்குக் குறைத்தாள். இரண்டாம் முறை வண்டி அந்த வரிகள் மேல் சக்கரம் மட்டும் ஆடியபடி, உடம்பு ஆடாமல் இறங்கியது. பிறகு என் கடையிலிருந்து முன்னூறு கிலோ மோட்டார்களைக் கொண்டுவந்து ஏற்றி அளந்தபோது, முன்னாலும் பின்னாலும் ஐம்பத்தெட்டரை என்று ஒரே அளவு வந்தது. அவள் டேப்பை என்னிடம் கொடுத்து நீயே பார் என்றாள். நானே பார்த்தேன். நான்கு மூலையிலும் இரண்டு முறை அளந்தேன். வியாபாரத்தில் நல்ல நாள்கள் பல பார்த்திருக்கிறேன், அன்றைப் போல ஒன்று குறைவுதான். உங்கள் காவலர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளும் பள்ளத்தில் தூக்கிப் போடுவதாக அவளிடம் சொல்லி, முதலில் உங்க எடையை உள்ளபடி சொல்லுங்க என்று பதில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் ஓட்டத்துக்கு மரக்கடைக்காரரே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து இறங்கி வந்தார். வேலை நன்றாக இருக்கிறது என்று ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டார். வேலியை நானே ஆள் வைத்துக் கட்டிக் கொடுப்பதாகச் சொன்னதற்குச் சம்மதித்தார். ஆனால் யாராலே நடந்தது என்பது தாளில் வரவேண்டும், அதுவரை புகாரைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது நியாயம்.

நேற்று மாலை இந்த நிலையத்தின் எழுத்தர் என்னைத் தனியாக அழைத்து, நல்ல எண்ணத்தில்தான், ஒரு வழி சொன்னார். ஸ்பிரிங் அனுப்பிய கம்பெனி தவறான பட்டையை அனுப்பிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, கம்பெனிக்காரன் வந்து கேட்கப்போவதில்லை என்றார். நான் ஒரு இரவு அவகாசம் கேட்டேன். மோட்டாரின் எடையையும் பைப்பின் கனத்தையும் என் வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். நான் எடையைக் கூட்டிச் சொன்னவன் என்று தாளில் வந்தால் அதைப் பாதிப் பேராவது நினைவில் வைத்துக்கொள்வார்கள். எதிர்க்கடைக்காரர் மீதிப் பேருக்கு நினைவுபடுத்துவார். இது தெரிந்தேதான் சொல்கிறேன். கம்பெனி மேல் போட்டால், தவறான பட்டையென்று கூடத் தெரியாமல் மாட்டினாள் என்ற பேச்சு தங்கையின் பட்டறை வாசலில் நிரந்தரமாக நிற்கும். அவள் தொழிலில் அது ஒன்று போதும்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன், உள்ளதைத் தாளில் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டேன். "யோசிச்சுக்கோ அண்ணே. எனக்கு வேலை வரலேன்னா மிக்ஸி ரிப்பேர் பண்ணிக்கூடப் பொழைச்சுக்குவேன்" என்றாள். "உன்கிட்ட மிக்ஸி குடுத்தவங்க இன்னும் கையால அரைச்சிட்டிருக்காங்க, பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகவே, வண்டியின் பாரத்தைத் தவறாகச் சொன்னதும், காலியாக ஓட்டக் கூடாது என்று சொல்லியும் ஓட்டியதும் நான். அவள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. என் கையெழுத்துள்ள நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற கட்டத்தில் என் தங்கையின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளும்படியும், பட்டறையை இன்றே திறக்க அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. முழு அறிவோடும் மனச்சம்மதத்தோடும் ஒவ்வொரு தாளையும் இந்தமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பைப்புக்கடைக்காரர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. கட்டத்தில் பெயர் திருத்தப்பட்டது. பட்டறைச் சாவி பிற்பகல் பன்னிரண்டரை மணிக்கு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

(ஒப்பம்)
நிலைய அதிகாரி