பாதித் தலைக்குச் சாயம்

வீட்டிலேயே தொழில் செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, மேடம். கடை என்றால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போகலாம். வீட்டை எங்கே இழுத்து மூடுவது? சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான் ஒருத்தி மணியடிப்பாள், "புருவம் மட்டும்தான்க்கா" என்று.

என் பார்லர், குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. மடக்கு நாற்காலி, கண்ணாடி, தலை அலச ஒரு பேசின். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அடுத்த அறையில் என் கணவர். லாரி ஓட்டியவர், முதுகில் அடிபட்ட பிறகு கட்டிலோடு சரி. அவரை விட்டுவிட்டு நான் எங்கும் போக முடியாது. அதனால் தொழிலை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டேன்.

வீட்டுக் காப்பீட்டுக்கு வந்த ஏஜென்ட் நல்ல மனிதர். "வீட்டுல தொழில் ஏதாவது நடக்குதாம்மா?" என்று கேட்டார். விருந்தாளி விழுந்து அடிபட்டால் இந்த பாலிசி பார்த்துக்கொள்ளுமாம். வாடிக்கையாளர் விழுந்தால் பார்க்காதாம். அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டுமாம். மறைத்துத் தொழில் நடத்தினால் இருக்கிற பாலிசியும் செல்லாமல் போகலாமாம். தொழில் நடக்கிறது என்று சொன்னால் குடியிருப்புச் சங்கத்தின் காதுக்குப் போகும். அங்கே தொழிலே கூடாது. "இல்லைங்க" என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எங்கள் இருவருக்கும் அந்தப் பொய்யில்தான் கிடைத்தது.

கீழ்வீட்டு டீச்சரை எனக்குப் பிடிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அன்று மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்காகத் தலைக்குச் சாயம் போட வந்தார். "பேரன் என்னைக் கிழவின்னு கூப்பிடுறான்மா. அவன் வாயை அடைக்கணும்" என்று சிரித்தார். பாதித் தலை முடிந்திருந்தது. கூடத்தில் வைத்திருந்த அவர் பையில் போன் அடித்தது. நான் எடுத்துத் தருகிறேன் என்பதற்குள் எழுந்துவிட்டார். தரையில் ஈரம். பின்மண்டை பேசின் விளிம்பில் பட்டது.

"என்னடி விழுந்துச்சு?" என்றார் கணவர், உள்ளிருந்து.

"பக்கெட்டுங்க."

டீச்சருக்கு நினைவு இருந்தது. ரத்தம் இல்லை, வீக்கம்தான். "தலை சுத்துதும்மா. ஆம்புலன்ஸைக் கூப்பிடேன்."

"கூப்பிட்டுட்டேன் டீச்சர்" என்றேன். போன் என் கையில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கருப்பு, மறு பக்கம் வெள்ளை. யார் பார்த்தாலும், எங்கே, எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துவிடும். வழக்குப் போட்டால் வீடு போகும். கட்டிலில் கிடப்பவரை எந்தத் தெருவில் கிடத்துவேன்? பிடித்த சாயம் கழுவினால் போகாது. ஆகவே மறு பாதியையும் முடிப்பதுதான் ஒரே வழி.

தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தேன். வீங்கிய இடத்தில் பிரஷ்ஷை அழுத்தவில்லை. "எரியுதா டீச்சர்?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"வண்டி வந்துருச்சா?"

"டிராஃபிக்கா இருக்கும்."

என் கணவர் கத்த ஆரம்பித்தார். "யாரு அங்க? என்னடி பண்ற?" அவர் அறைக் கதவைச் சாத்தினேன்.

சாயம் பிடிக்க அரை மணி வேண்டும். அவசரப்பட்டால் வேர் வெளுத்தே நிற்கும். அதற்குள் நாற்காலியை மடித்து அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். கிண்ணங்களை மூட்டை கட்டினேன். கூடத்து மேசையில் இரண்டு கோப்பை டீ வைத்தேன், ஒன்று பாதி குடித்தது. டீச்சர் வாந்தி எடுத்தார், துடைத்தேன். நாக்குக் குழறியது. என்னைப் "பாப்பா" என்றார். மகளை அப்படித்தான் கூப்பிடுவார். "ம்" என்றேன்.

பிறகு அலசித் துவட்டினேன். சாயம் ஒரே சீராக வந்திருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். "டீ குடிக்க வந்தவங்க, வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது.

என் கணவர்தான் உங்கள் போலீஸ்காரரிடம் சொன்னாராம். "விழுந்த பக்கெட்டு, வண்டி வந்துருச்சான்னு கேக்குமா சார்?" என்றாராம். நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இனி அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்பதுதான் கவலை.

பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். நான்தான் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கவனிப்பாரில்லாமல் கிடந்தார் என்று மட்டும் எழுதாதீர்கள் மேடம். வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாயம் பிடிக்கும்வரை அவர் கையை நான் விடவே இல்லை.